குறைகள் இருந்த வரலாற்று நாயகர்களைக் கொண்டாடலாமா?

சிலை வைப்பது, பெயர் சூட்டுவது போன்ற பொறுப்பில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கொண்டாடலாம். ஆனால் எந்தச் செயலுக்காக இந்த மரியாதை என்பதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். அவருடைய தவறை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தச் செயலே தவறாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2016-இல் வகுத்த நெறிகளில் இதுதான் முக்கியக் கேள்வி. அங்கே ஒரு கல்லூரிக்கு அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் ஜான் கல்ஹூன் பெயர் இருந்தது. அவர் அடிமைமுறையை நன்மை என்றே வாதாடியவர். அவரது அரசியலின் மையமே அது. அதனால் 2017-இல் அவர் பெயரை நீக்கி, கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் பெயரை வைத்தார்கள்.

தாமஸ் ஜெஃபர்சன் கதை வேறு. 1776-இன் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியதற்காகத்தான் அவரை மதிக்கிறோம். ஆனால் எல்லா மனிதரும் சமம் என்று எழுதியவர் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தார். சிலை இருக்கட்டும், இதுவும் அதன் கீழே எழுதப்பட வேண்டும்.

உடனே, "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே?" என்பார்கள். இல்லை. ஜெஃபர்சன் வாழ்ந்த அதே வர்ஜீனியா மாநிலத்தில் ராபர்ட் கார்ட்டர் என்ற நிலக்கிழார் 1791-இல் 400-க்கும் மேற்பட்டவர்களை விடுவிக்கப் பத்திரம் எழுதினார். வாஷிங்டன் 1799-இல் உயிலில் 123 பேருக்கு விடுதலை எழுதினார். ஜெஃபர்சன் உயிலில் இருந்தது ஐந்து பேர். காலத்தின் மேல் பழி போடுமுன், அதே ஊரில், அதே வசதியோடு வாழ்ந்த ஒருவர் என்ன செய்தார் என்று தேடுங்கள்.

கல்வெட்டு வாசகத்தில்தான் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள். "சர்ச்சைக்குரியவர்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. யாருக்கு, என்ன, எத்தனை பேருக்குச் செய்தார் என்று வினைச்சொல்லோடு எழுதுங்கள். புகழும் தவறும் ஒரே பலகையில், ஒரே எழுத்தளவில் இருக்கட்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனுக்கு, அவர் இறந்து 174 ஆண்டுகள் கழித்து, 1895-இல் சிலை வைத்தபோது நகரத்தின் நற்குணமும் ஞானமும் மிக்க மைந்தர்களில் ஒருவர் என்று பொறித்தார்கள். அடிமை வணிகம் பற்றி ஒரு சொல் இல்லை. திருத்தப் பலகை வைக்க முயன்றபோது வாசகத்தை மென்மையாக்கும் இழுபறியில் 2019-இல் அதுவும் நின்றது. 2020 ஜூனில் மக்கள் சிலையைப் பெயர்த்துத் துறைமுகத்தில் தள்ளினார்கள். சிலைகளை உடைக்கச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். உண்மையை எழுத மறுத்தால் சிலையும் மிஞ்சாது என்கிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆதங்கம் தாங்கவில்லை. சிலைக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்குகூட அந்த மனிதரின் கடிதங்களைப் பதிப்பிக்கப் போவதில்லை. வாரிசுகள் சங்கடமான பக்கங்களை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தருகிறார்கள். காந்தியின் தொகுப்பு நூல்களை இந்திய அரசு 100 தொகுதிகளாக வெளியிட்டது. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி இளவயதில் அவர் எழுதிய இழிவான வரிகளும் அதில் அப்படியே இருக்கின்றன. 2016-இல் கானா பல்கலைக்கழகத்தில் வைத்த அவர் சிலையை எதிர்த்த பேராசிரியர்கள் அந்த வரிகளைத்தான் முன்வைத்தார்கள். 2018-இல் சிலை அகற்றப்பட்டது. அதற்காக அந்தத் தொகுதிகளை யாரும் குறை சொல்லக் கூடாது. மற்றத் தலைவர்களுக்கும் இப்படி வெட்டாத பதிப்பு வேண்டும். சிலைக்கு நன்கொடை கேட்டு வருபவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்.