பழைய கன்வெர்ட்டருக்கு என்ன விலை கேட்கலாம்?

கேள்வி: 2011ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் கார் என்னுடையது. ஏற்றத்தில் இழுக்கவில்லை, வண்டிக்கு அடியில் கலகலவென்று சத்தம் வருகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். புகைக் குழாயில் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளே உடைந்திருக்கிறது என்று சொல்லிப் புதிது மாட்டிக் கொடுத்தார்கள். கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரி, எடை போட்டு இரும்பு விலை தருகிறேன் என்றார். பழைய உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் 2,500 ரூபாய் என்றார். நான் தயங்கியதும் 4,000 என்றார். என் மைத்துனரோ, உள்ளே பிளாட்டினம் இருக்கிறது, லட்ச ரூபாய்க்குக் குறைந்து கொடுக்காதீர்கள் என்கிறார். யார் சொல்வது சரி?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: மூவரில் பொருளின் அருமை தெரிந்தவர் அந்த உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர்தான். தெரிந்ததால்தான் ஒரே நிமிடத்தில் 1,500 ரூபாய் ஏற்ற முடிந்தது. இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். மைத்துனரின் லட்சத்துக்காகவும் காத்திருக்காதீர்கள்.

அந்தத் தகர உறைக்குள் இருப்பது பீங்கானில் செய்த தேன்கூடு. ஒரு சதுர அங்குலத்தில் 400 துளைகள் இருப்பது சாதாரணம். துளைகளின் சுவரில் அலுமினா பூசி, அந்தப் பூச்சுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் படிய வைத்திருப்பார்கள். எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றை இவை தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகின்றன. வினையை ஊக்குவிப்பதுதான் இவற்றின் வேலை. வினையில் இவை செலவாவதில்லை. அதனால் லட்சம் கிலோமீட்டர் ஓடிய கன்வெர்ட்டரிலும் உலோகத்தின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். பழையதுக்கு விலை கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே உடைந்து கலகலத்தது என்கிறீர்கள். உடைந்த துண்டுகள் உராய்ந்து பொடியாகிப் புகையோடு வெளியே போயிருக்கலாம். இரண்டு வாய்களிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். தேன்கூடு எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் விலை. பாதிதான் இருக்கிறது என்றால் வாங்குபவரும் பாதி விலைதான் சொல்வார், அதில் தவறில்லை. பார்த்து முடித்ததும் இரண்டு வாய்களையும் துணி வைத்து டேப் ஒட்டி மூடிவிடுங்கள். வண்டியில் கொண்டுபோகும்போது கொட்டும் ஒவ்வொரு பிடிப் பொடியும் பணம்.

அடுத்தது, உறையின் மேல் பொறித்திருக்கும் எண். இந்த வியாபாரமே அந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. எந்த நிறுவனம், எந்த மாடலுக்காகச் செய்தது, உள்ளே எந்த உலோகம் எவ்வளவு என்பதற்குப் பெரிய வியாபாரிகளிடம் பட்டியல் இருக்கும். ஒரே அளவில், ஒரே எடையில் இருக்கும் இரண்டு கன்வெர்ட்டர்களின் விலை பல மடங்கு வேறுபடும். கார் கம்பெனியே பொருத்தி அனுப்பிய அசலில் உலோகம் அதிகம். வெளிச்சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மாற்று கன்வெர்ட்டரில் மிகக் குறைவு. 2011 முதல் இதுவரை மாற்றியதே இல்லை என்றால் உங்களிடம் இருப்பது அசல். அதை வாங்குபவரிடம் சொல்லுங்கள். எண்ணைப் பார்க்காமல் விலை சொல்பவர் யாராக இருந்தாலும் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார். அதனால்தான் நானும் இங்கே ஒரு தொகை எழுதவில்லை.

மைத்துனரின் லட்சத்தையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளே ஒரு கிலோ பீங்கான் இருக்கிறது, அதில் மூன்று உலோகங்களும் சேர்ந்து 2 கிராம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இவற்றின் சர்வதேச விலையை டிராய் அவுன்ஸுக்கு இவ்வளவு டாலர் என்றுதான் சொல்வார்கள். ஒரு டிராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். நீங்கள் செய்தியில் பார்க்கும் விலையில் பதினைந்தில் ஒரு பங்குதான் உங்கள் 2 கிராமுக்கு வரும். அதுவும் முழுதாகக் கைக்கு வராது. உறையை வெட்டும் கூலி, ஆய்வுச் செலவு, உருக்கிப் பிரிக்கும் ஆலையின் கட்டணம், அங்கே கரையும் சேதாரம், நடுவில் இரண்டு மூன்று கைகளின் லாபம் எல்லாம் போக மிஞ்சுவதே உங்களுக்கு. ஆலையிலிருந்து பணம் திரும்பி வரச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் விலை சரிந்தால் நஷ்டம் வியாபாரிக்கு. அதையும் சேர்த்துத்தான் அவர் குறைத்துக் கேட்கிறார்.

சரிவும் கொஞ்சநஞ்சம் அல்ல. 2021 மார்ச்சில் ரோடியம் ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 29,000 டாலர். 2023இல் அது ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போனது. உக்ரைன் போர் தொடங்கிய 2022 மார்ச்சில் 3,000 டாலரைத் தாண்டிய பல்லேடியம், அடுத்த ஆண்டு முடிவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது. மைத்துனர் 2021இல் எங்கோ படித்ததை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார் போலிருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம், இரண்டு வாய்களின் உட்புறம் தெரியும்படி இரண்டு படம் எடுங்கள். கன்வெர்ட்டர் மட்டுமே வாங்கும் வியாபாரிகள் மூன்று பேருக்கு ஒரே நாளில் அனுப்பி விலை கேளுங்கள். விலை நாளுக்கு நாள் மாறுவதால் வெவ்வேறு நாளில் கேட்டால் ஒப்பிட முடியாது. சிலர் துப்பாக்கி போன்ற எக்ஸ்ரே கருவியை வைத்துக் காட்டி, இவ்வளவுதான் இருக்கிறது என்பார்கள். மேற்பரப்பில் வைத்துப் பார்க்கும் அளவை நம்ப வேண்டாம். முழுவதையும் பொடித்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் சரியாக இருக்கும். அது மூட்டைக் கணக்கில் விற்பவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஒற்றைக் கன்வெர்ட்டருக்கு எண்ணை வைத்துச் சொல்லும் விலையே போதும்.

ஒர்க்‌ஷாப் பில்லையும் ஆர்.சி. நகலையும் கையில் வைத்திருங்கள். குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் ஈகோ வேன்களின் சைலன்சரைக் குறிவைத்துத் திருடிய கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. திருடியது அதனோடு சேர்ந்திருக்கும் கன்வெர்ட்டரின் இந்தப் பொடிக்காகத்தான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவின்படி குற்றம். ஆகவே நேர்மையான வியாபாரி, இது உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்பார். கோபப்படாதீர்கள். எதுவுமே கேட்காமல் ரொக்கத்தை நீட்டுபவரிடம்தான் யோசிக்க வேண்டும். பணத்தை வங்கிக் கணக்கில் வாங்கி, எண்ணைக் குறிப்பிட்டு ஒரு ரசீதும் கேளுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு வீடியோ பார்த்தேன். கன்வெர்ட்டரை உடைத்து, பொடியை அமிலத்தில் போட்டு, வீட்டிலேயே பிளாட்டினம் எடுக்கிறார்கள். நான் வேதியியல் பட்டதாரி. முயலலாமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: பட்டதாரி என்பதால் உங்களிடம் சுருக்கமாகச் சொன்னால் போதும். அந்த அமிலம் இராஜ திராவகம். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்தது. குளோரினும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கிளம்பும். அதில் உருவாகும் பிளாட்டினத்தின் குளோரின் உப்புகள் ஒவ்வாமையை உண்டாக்குபவை. இந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஆஸ்துமா வந்ததால்தான் அங்கே காற்றில் அதன் அளவைக் கறாராகக் கட்டுப்படுத்துகிறார்கள். பீங்கானைச் சுற்றியிருக்கும் நார்ப் பாயும் சுவாசிக்கத் தகுந்ததல்ல. மொட்டை மாடியில் இத்தனையும் செய்து கிடைக்கும் ஒன்றிரண்டு கிராம் சாம்பல் நிறத் தூளை வாங்குபவர், தூய்மை தெரியாது என்று பாதி விலைக்குக் கேட்பார். உடைத்துப் பொடியாக விற்பதும் லாபமில்லை. எண் பொறித்த உறை போய்விட்டால், அது எந்த வண்டியுடையது என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

கேள்வி: கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க் குழாய் மாட்டினால் மைலேஜ் கூடும், பழையதை நானே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் மெக்கானிக். வண்டி 2018 மாடல். செய்யலாமா?
(வாசகி, ஈரோடு)

பதில்: வேண்டாம். அவர் உங்கள் மைலேஜைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று நினைக்கிறீர்களா? நன்றாக வேலை செய்யும் கன்வெர்ட்டர் மைலேஜைத் தின்பதில்லை, அடைத்துக்கொண்டதுதான் தின்னும். உங்கள் வண்டியில் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். எடுத்துவிட்டால் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கும். அதை ஏமாற்ற இன்னொரு செலவு வைப்பார். பிறகு புகைப் பரிசோதனையில் நிற்காது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவில், காற்று மாசு விதியை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் 3 மாதத்துக்குப் போகும். அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்ததற்கு 182ஏ பிரிவு தனி. நாளைக்கு வண்டியை விற்கும்போது விவரம் தெரிந்தவர் அடியில் குனிந்து பார்த்தால், புதிய கன்வெர்ட்டரின் முழு விலையையும் பேரத்தில் கழிப்பார். மெக்கானிக் தரும் தொகை அதற்கு முன் நிற்காது.

கேள்வி: சர்வீஸில் கன்வெர்ட்டரை மாற்றினார்கள். பழையதைக் கேட்டபோது, அது கம்பெனி விதிப்படி திரும்பத் தர மாட்டோம் என்றார்கள். பில்லில் அப்படி எதுவும் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: போகலாம். முதலில் ஒன்றைப் பாருங்கள்: பணம் கட்டியது யார்? வாரன்ட்டியில் இலவசமாக மாற்றியிருந்தால் பழையது தயாரிப்பாளரிடம் திரும்பப் போவது வழக்கம். காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்திருந்தால் பழைய பாகத்தின் மதிப்பைக் கழிப்பார்கள், அல்லது தாங்களே எடுத்துக்கொள்வார்கள். பழையதைக் கொடுத்தால் இவ்வளவு தள்ளுபடி என்று பேசியிருந்தாலும் முடிந்தது. இது எதுவுமில்லாமல் முழுத் தொகையும் உங்கள் பையிலிருந்து போயிருந்தால், கழற்றிய பாகம் உங்கள் சொத்து. எழுத்தில் கேளுங்கள். மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்தாலே பல ஒர்க்‌ஷாப்கள் இறங்கி வரும். வராவிட்டால் மாவட்ட ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒர்க்‌ஷாப் ஏமாற்றினால் நீங்கள் நுகர்வோர். சேவைக்குப் பணம் கொடுத்தவர். மேலே திருநெல்வேலி வாசகரைப் பழைய பொருள் கடைக்காரர் ஏமாற்றினால் அவர் நுகர்வோர் அல்ல. அவர் வாங்கவில்லை, விற்கிறார். நுகர்வோர் சட்டம் அவருக்குக் கைகொடுக்காது. சிவில் நீதிமன்றமோ காவல் நிலையமோதான். அதனால்தான் ரசீது, ரசீது என்று அடித்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பாவின் 1993ஆம் ஆண்டு காரைப் பழைய இரும்புக்குப் போடுகிறோம். கன்வெர்ட்டரைத் தனியாகக் கழற்றி விற்றால் நல்லதா?
(வாசகி, சென்னை)

பதில்: தேடாதீர்கள், அதில் இருக்காது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995 ஏப்ரலில்தான். ஈயம் கலந்த பெட்ரோல் கன்வெர்ட்டரைப் பாழாக்கிவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் அப்போதுதான் இங்கே விற்பனைக்கு வந்தது.

அதற்குப் பிந்தைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், கன்வெர்ட்டரோடு எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு என்று முதலிலேயே இரண்டு விலை கேளுங்கள். வித்தியாசத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். வண்டியை ஒப்படைத்ததும் வைப்புச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். புதிய வண்டி வாங்கும்போது சாலை வரிச் சலுகைக்கு அது வேண்டும். தெருக்கோடிப் பழைய இரும்புக் கடையில் அந்தத் தாள் கிடைக்காது. உங்கள் பெயரில் இருக்கும் பதிவும் ரத்தாகாமல் அப்படியே நிற்கும்.

கேள்வி: டீசல் வேனில் கழற்றிய வடிகட்டிக்கு விலை உண்டா? பைக் சைலன்சருக்கு?
(வாசகர், நாமக்கல்)

பதில்: டீசல் வண்டியில் எஞ்சினை ஒட்டியிருக்கும் ஆக்சிஜனேற்ற கன்வெர்ட்டரில் பிளாட்டினம் உண்டு, விலையும் உண்டு. கரித் துகளைப் பிடிக்கும் வடிகட்டியில் பூச்சைப் பொறுத்துக் கொஞ்சம் இருக்கும். யூரியா திரவம் ஊற்றும் வண்டிகளில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் பெரிய டப்பாவைக் கண்டு ஆசைப்படாதீர்கள். அதில் வேலை செய்வது பெரும்பாலும் வனேடியம், அல்லது தாமிரமோ இரும்போ கலந்த சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம். பைக்கில் இருப்பது சின்னஞ்சிறு உலோகத் தேன்கூடு. ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் ஆட்டோ செலவு கட்டாது; மெக்கானிக்காக இருந்தால் சேர்த்து வைத்து விற்கலாம்.