பின்சில்லின் முனகலும் ஆட்டமும்

கேள்வி: சங்கிலிக்குப் பதிலாகத் தண்டால் பின்சில்லைச் சுழற்றும் எனது ஷாஃப்ட் டிரைவ் மோட்டார் சைக்கிளில் வேகம் கூடக் கூடப் பின்சில்லில் முனகல் கேட்கிறது, வளைவுகளில் பின்பகுதி ஆடுகிறது. ரயர் புதியது. என்ன பழுது?
– வாசகர், சுன்னாகம்

பதில்: முதலில் அச்சாணி நட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். பின்னர் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள்: சில்லு மட்டும் அசைந்தால் அதன் பெயாரிங்கோ, தண்டின் சுழற்சியைச் சில்லுக்குக் கடத்தும் பின் கியர்ப் பெட்டியின் பெயாரிங்கோ தேய்ந்திருக்கக்கூடும், சில்லைச் சட்டத்தோடு இணைக்கும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து அசைந்தால் அதன் மூட்டுப் பெயாரிங்கையே சந்தேகிக்க வேண்டும்.

பின் கியர்ப் பெட்டியின் ஒயிலை வடித்துப் பார்ப்பதையே நான் பெரிதும் நம்புவேன். அதில் சாம்பல் நிறப் பசைபோன்ற நுண்துகள் சிறிதளவு இருப்பது வழமை. உலோகம் செதில்களாக வந்தால் உள்ளே சிதைவு தொடங்கிவிட்டது என்பதால், திருத்தும்வரை ஏ9 வீதியில் கிளிநொச்சிப் பக்கம் நீண்ட ஓட்டம் வேண்டாம். அக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது மட்டும் 'டக்' என்று கேட்டால், தண்டின் இணைப்பிலுள்ள ஸ்பிளைன் எனும் பற்கள் கிறீஸ் காய்ந்து தேய்ந்துள்ளனவா என்று பாருங்கள். அவற்றை மாற்றுவது சங்கிலி மாற்றும் அளவுக்கு மலிவான வேலையன்று.