எஸ்டிபிக்கு மாசாமாசம் பாக்டீரியா பவுடர் வாங்கணுமா?

லாஸ்பேட்டையில ஒரு அப்பார்ட்மெண்ட் அசோசியேஷன் பொருளாளர் கேட்டிருக்காங்க: "எங்க எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல சுத்தமாகி வர்ற தண்ணிய லேப்ல குடுத்ததுல லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல பிஓடி (பாக்டீரியா தின்னக்கூடிய அழுக்கு எவ்வளவு மிச்சம்னு காட்டுற அளவு) 14, அமோனியா நைட்ரஜன் 38, நைட்ரேட் 2னு வந்திருக்கு. அந்தத் தண்ணியில டாய்லெட் ஃப்ளஷ் பண்ணா நாத்தம் தாங்கல. மெயின்டனன்ஸ் காண்ட்ராக்டர் மாசம் 9,000 ரூபாய்க்கு பாக்டீரியா பவுடர் போட்டா சரியாயிடும்ங்கிறார். கரண்ட் பில்லுக்காக ராத்திரி 10 மணியிலேருந்து காலைல 5 வரைக்கும் டேங்குக்குக் காத்தடிக்கிற ப்ளோயர நிறுத்தி வைக்கிறோம். பவுடர் வாங்கலாமா?"

வாங்காதீங்க மேடம். மொதல்ல ராத்திரியிலயும் ப்ளோயர ஓட விடுங்க.

ரிப்போர்ட்ட இப்படி படிங்க. அமோனியா நெறைய இருக்கு, நைட்ரேட் இல்லாத மாதிரிதான், அப்படின்னா அமோனியாவ நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா உங்க டேங்குல வேலை செய்யல. இந்த நைட்ரோசோமோனாஸ் மாதிரி ஆளுங்க ரொம்ப மெதுவா பெருகுறவங்க, அழுக்கத் தின்ற சாதாரண பாக்டீரியா சில மணி நேரத்துல ரெண்டாகும்னா இவங்களுக்கு ஒரு நாளோ அதுக்கு மேலயோ ஆகும், அது போக ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு நாலரை கிராம் ஆக்சிஜனுக்கு மேல வேணும். காத்து கம்மியா இருந்தா சாதாரண பாக்டீரியா முந்திக்கிட்டு எடுத்துக்கும், பிஓடி அழகா 14 வந்துடும், அமோனியா அப்படியே நிக்கும். "பிஓடி வந்துருச்சே சார், பிளான்ட் சூப்பரா ஓடுது"ன்னு சொல்றத நம்பாதீங்க.

இதுக்கு நம்ம சட்டமும் ஒரு காரணம். 2015ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்ட வரைவுல அமோனியா 5, மொத்த நைட்ரஜன் 10னு இருந்துச்சு. 2017ல இறுதி அறிவிக்கை வரும்போது நைட்ரஜனையே தூக்கிட்டாங்க. கேக்க ஆள் இல்லன்னா யாரு அளப்பாங்க, அளக்காத பிளான்ட்ல யாரு ராத்திரி ப்ளோயர் ஓட்டுவாங்க?

இப்ப பவுடர். இந்த ட்ரேடுல விக்கிற பாக்டீரியா பவுடர்ல பெரும்பாலும் இருக்கிறது பேசிலஸ் வகை. அது காஞ்ச விதை மாதிரி தூங்கிக்கிட்டு பாக்கெட்டுல மாசக்கணக்கா இருக்கும், அதனாலதான் பவுடரா விக்க முடியுது. அமோனியாவ மாத்துற நைட்ரோசோமோனாஸுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது, காயப் போட்டா தாங்காது. அமோனியாவ மாத்துற நெசமான பாக்டீரியா கலவைன்னா (நைட்ரிஃபையிங் கல்ச்சர்) பெரும்பாலும் திரவமா, குளிர்ல வச்சுதான் வரும். காண்ட்ராக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "இதுல எந்த பாக்டீரியா இருக்கு, எழுதிக் குடுங்க"ன்னு.

வெளியிலேருந்து பாக்டீரியா கொண்டு வர வேண்டிய சந்தர்ப்பம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். யாராவது ஆசிட்டோ ப்ளீச்சிங்கோ கேன் கேனா ட்ரெய்ன்ல ஊத்தி டேங்க் மொத்தமா செத்துப் போச்சு, இல்ல புது பிளான்ட், இல்ல டேங்குல பாக்டீரியா கூட்டமா இருக்கிற சேறு, அதாவது ஸ்லட்ஜ், முழுக்க அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னா விதை போட்டுத்தான் ஆகணும். அப்பவும் பவுடர் வேண்டாம். நல்லா ஓடுற இன்னொரு எஸ்டிபியோட ஏரேஷன் டேங்க்லேருந்து (ப்ளோயர் காத்தடிக்கிற டேங்க்) ஸ்லட்ஜ ஒரு டேங்கர் லோடு வாங்கி அன்னிக்கே ஊத்துங்க. ஆனா அந்த பிளான்ட்ல அமோனியா கம்மியா, நைட்ரேட் இருக்கான்னு ரிப்போர்ட் பாத்துட்டு வாங்கணும், அதுவும் கழிவுநீர்த் தொட்டி அடியில கிடக்கிற கறுப்பு சேறு இல்ல, காத்து ஓடுற டேங்க்ல இருக்கிற பழுப்பு ஸ்லட்ஜ். லாரிக்காரர் ரெண்டும் ஒண்ணுதாம்பார், இல்லவே இல்ல.

இன்னொண்ணு, விதை போடும்போது சாணி, வெல்லம், யூரியா போடுறது இங்க வழக்கம். யூரியாவுல 46 சதவீதம் நைட்ரஜன். நீங்க எடுக்கணும்னு அல்லாடுறதையே மூட்டை கட்டி உள்ள கொட்டுறாங்க! கண்டிப்பா தடுங்க.

சரி, செய்ய வேண்டியது. ஏரேஷன் டேங்க்ல ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நிக்கணும். ஒரு லிட்டர் அளவு ஜாடியில அந்தத் தண்ணிய எடுத்து அரை மணி நேரம் அசைக்காம வைங்க, ஸ்லட்ஜ் 200, 300 மில்லியாவது படியணும், 50தான் இருக்குன்னா ஸ்லட்ஜ கொஞ்ச நாளைக்கு வெளிய எடுக்காதீங்க. பிஎச் 6.8க்கு கீழ போனா சமையல் சோடா போடுங்க. நம்ம ஊர் சூட்டுக்கு மூணு வாரத்துல அமோனியா எறங்க ஆரம்பிக்கணும். மீன் தொட்டி கடையில அமோனியா டெஸ்ட் கிட் கிடைக்கும், அதோட அளவு சின்னது, அதனால ஒரு பங்கு தண்ணியோட ஒன்பது பங்கு ஆர்ஓ தண்ணி கலந்து பாத்துட்டு, வர்ற அளவ பத்தால பெருக்கிக்குங்க.

நைட்ரேட் ஏறினதுக்கப்புறம்தான் அடுத்த கட்டம். காத்து இல்லாத நேரத்துல வேற பாக்டீரியா நைட்ரேட்டோட ஆக்சிஜன எடுத்துக்கிட்டு நைட்ரஜன காத்துல விட்டுடும். இதுக்குன்னு தனி டேங்க் இல்லன்னா ப்ளோயர ரெண்டு மணி நேரம் ஆன், ஒரு மணி நேரம் ஆஃப்னு டைமர் போடுங்க, உங்க கரண்ட் பில்லும் கொஞ்சம் குறையும். ஏழு மணி நேரம் ஒரேயடியா நிறுத்துறது வேற, இது வேற. நிறுத்தியே கிடந்தா ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற விஷவாயு வரும். 2024 ஜூன்ல புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துல பாதாளச் சாக்கடை விஷவாயு வீட்டுக்குள்ள வந்து மூணு பேர் செத்தது ஞாபகம் இருக்கும். எந்த ரிப்பேருக்கும் ஆளை டேங்குக்குள்ள இறக்காதீங்க.

காண்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது பவுடருக்கான லைன அடிச்சுட்டு, மாசம் ஒரு தடவை அமோனியாவும் நைட்ரேட்டும் வெளி லேப்ல டெஸ்ட் பண்ணணும், சாம்பிள அசோசியேஷன் ஆளே எடுப்பாருன்னு எழுதி வாங்குங்க.