மேலே இருப்பதை மறைத்துக்கொண்டு கையெழுத்து வாங்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 31 வயது. 2019-இல் கல்யாணம் செய்துகொடுத்தோம். ஒன்றரை வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். மாப்பிள்ளை மதுரைக் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டார். வழக்கைத் திருநெல்வேலிக்கு மாற்றக் கோரி ஹைகோர்ட் மதுரைக் கிளையில் மனுப் போட்டோம், மாற்றிக் கொடுத்தார்கள். 2022-இல் பரஸ்பர சம்மதத்தில் முடிந்தது. இப்போது நாங்குநேரிப் பக்கம் நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது. முதல் சம்பந்தம் நிச்சயத்தோடு நின்றுவிட்டது என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறோம். ஆனால் மகள் பெயரைப் போட்டுத் தேடினால் அந்த மாற்றல் மனு உத்தரவு இணையத்தில் வந்து நிற்கிறது. அதை அழிக்கவோ சீல் வைக்கவோ வழி உண்டா? அவள் கோவையில் வேலை பார்க்கிறாள். வீண் கவலை எதற்கு என்று இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. தீபாவளிக்கு வரும்போது வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.
— அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு தகப்பனார்

பதில்: அண்ணாச்சி, கோர்ட்டு, இணையம், நாங்குநேரி எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிட்டு, அந்தக் கையெழுத்தை மட்டும் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் தாண்டவில்லை.

உத்தரவில் இருப்பது உங்கள் பெயரா, அவள் பெயரா? அதை மறைக்கச் சொல்லும் மனுவும் அவள் பெயரில்தான் போக வேண்டும். வக்காலத்தோடு பிரமாணப் பத்திரமும் உண்டு. மனுவில் உள்ளது எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று அவள் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றும் தெரியாத பிள்ளை எதை உறுதி சொல்வாள்?

பாளையங்கோட்டையில் ஒரு கோர்ட் வராந்தாவில் பார்த்திருக்கிறேன். ஒரு தகப்பனார் மகள் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டு, தாளின் மேல்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "இங்க போடு, அடுத்து இங்க" என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். கையை எடுங்கள் என்று அந்தப் பிள்ளை சொல்லவில்லை. காட்டிய இடத்தில் எல்லாம் போட்டாள். அவள் முகத்தில் கவலையைக்கூட நான் பார்க்கவில்லை. பழகிப்போயிருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

"இதையெல்லாம்" சொல்லவில்லை என்கிறீர்களே, அந்த "எல்லாம்" எதுவரை? மனுவை மட்டும் சொல்லவில்லையா, இல்லை நாங்குநேரி இடம் வந்திருப்பதே அவளுக்குத் தெரியாதா? 2019-இலாவது அவளைக் கேட்டீர்களா? கடிதத்தில் அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று இருக்கிறது, வயசு இருக்கிறது. அவள் சொன்னதாக ஒரு வார்த்தை இல்லை. 31 வயதுப் பெண், வேற்றூரில் தனியாக இருந்து சம்பாதிக்கிறவள், வழக்கு நடத்தி வெளியே வந்தவள். அவளுக்குத் தாங்க முடியாத கவலை என்று நீங்களே எப்படி முடிவு செய்தீர்கள்?

சட்டம் கேட்டீர்கள், சொல்கிறேன். சிவில் வழக்கின் பதிவைக் கேட்டவுடன் அழித்துக் கொடுக்க நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. கோர்ட்டில் உள்ள மூலப் பதிவு அப்படியே இருக்கும். பொதுமக்கள் பார்க்கும் பிரதியில் பெயரை மறைக்கச் சொல்லி வேண்டுமானால் அதே மதுரைக் கிளையில் கேட்கலாம், தனியார் இணையதளத்தில் இருப்பதையும் சேர்த்து. அவள் பக்கம் நியாயம் உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட வழக்குகளை மூடிய அறையில்தான் நடத்த வேண்டும், அச்சிட்டு வெளியிடக்கூடாது என்கிறது. மீறினால் 1,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளைக் கோர்ட் அனுமதியோடு வெளியிடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2017-இல் தீர்ப்பளித்தது. அதை வைத்துப் பலர் கேட்கிறார்கள், எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. கிரிமினல் வழக்கில் விடுதலையான ஒருவர் பெயரை மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை போட்டது. ஆகவே "ஒரே மாசத்தில் தூக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் நடந்ததைத் தெருவில் போகிறவர்கள் எல்லாம் படிக்க வேண்டாம், அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் படிக்க வேண்டாம் என்று அவள் நினைத்தால், நான் முழுமனதோடு அவள் பக்கம். ஆனால் உங்கள் எண்ணம் வேறு. கட்டிக்கொள்ளப் போகிறவனிடமிருந்து மறைக்கப் பார்க்கிறீர்கள். அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் வாங்கினால், தெரியவந்த ஒரு வருஷத்துக்குள் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். முதல் கல்யாணத்தை மறைப்பதைவிட முக்கியமான விஷயம் என்ன இருக்கிறது? கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனால் மணமாகாதவரா, விவாகரத்து ஆனவரா என்று படிவத்தில் கேட்பார்கள். அந்த இடத்தில் பொய் எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறவளும் அவள்தான். இணையத்தில் இருப்பது போனாலும் 2019-இல் உங்கள் வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எங்கே போவார்கள்? அம்பாசமுத்திரத்துக்கும் நாங்குநேரிக்கும் நடுவில் ஒரு சொந்தக்காரர்கூட இல்லையா? அப்போது அந்த வீட்டு முற்றத்தில் பதில் சொல்ல நிற்பது நீங்கள் இல்லை.

மகள் திரும்பி வந்ததைக் குடும்பத்துக்கு நேர்ந்த குறை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் நினைக்கவில்லை. இருக்க முடியாத இடத்திலிருந்து பிள்ளை வந்து நிற்கத்தானே பெற்றவன் வீடு. மதுரைக்கு அலையவிடாமல் வழக்கை இங்கே கொண்டுவந்தீர்களே, அன்றைக்குத் தகப்பனாக நடந்துகொண்டீர்கள். இன்றைக்கு அதே உத்தரவைப் பார்த்துக் கூசுகிறீர்கள். அவள் கஷ்டப்பட்டபோது நீங்கள் கூட நின்றதற்கு அதுதானே சாட்சி?

தீபாவளிவரை காத்திருக்க வேண்டாம். பலகாரம், விருந்தாளி, வெடிச்சத்தத்துக்கு நடுவில் தாளை நீட்டுகிற பேச்சு இல்லை இது. இந்தச் சனிக்கிழமை ராத்திரி கோவைக்குப் பஸ் ஏறுங்கள். நாங்குநேரிக்காரர்களிடம் சொன்ன பொய்யை முதலில் அவளிடம் சொல்லுங்கள். அப்புறம் அந்த இடம் அவளுக்கு வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் நாங்குநேரிக்கு நீங்களே போய், தரகரை வைக்காமல், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வாருங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். பெயரை மறைக்கும் மனு வேண்டுமா என்பதைக் கடைசியில் கேட்கலாம். வேண்டும் என்று அவள் சொன்னால், வக்கீலை அவளே பார்க்கட்டும். நீங்கள் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.