மழைமானியைச் சுத்தம் செய்தபோது பதிவான பொய் மழையை நீக்குவது எப்படி?

வீட்டு வானிலை நிலையத்தின் மழைமானி, புனலுக்குக் கீழே உள்ள சிறு வாளி எத்தனை முறை சாய்ந்தது என்பதை மட்டுமே எண்ணுகிறது. ஒரு சாய்வு பல கருவிகளில் 0.2 மி.மீ. ஆகையால், சுத்தம் செய்யும்போது கை பட்டு வாளி ஆடினாலும் அது மழையாகவே பதிவாகும்.

நிலையத்தின் அளவீடுகளைக் கணினியில் சேமிக்கும் வீவெக்ஸ் (WeeWX) மென்பொருளை நீங்கள் பயன்படுத்தினால், முதலில் அதை நிறுத்தித் தரவுத்தளக் கோப்பின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அளவீடுகள் நேரவாரியாகப் பதிவாகும் ‘ஆர்க்கைவ்’ (archive) அட்டவணையில், சுத்தம் செய்த நேரத்துக்குரிய வரிசைகளில் மழை அளவையும் மழை வீதத்தையும் சுழியமாக்குங்கள். வரிசைகளையே அழித்தால் அந்நேரத்து வெப்பநிலையும் காற்றழுத்தமும் சேர்ந்தே போய்விடும். பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நாள்வாரிச் சுருக்கங்கள் தனி அட்டவணைகளில் இருப்பதால், அந்நாளின் சுருக்கத்தை மீண்டும் உருவாக்கும் கட்டளையை இயக்கினால்தான் மாத, ஆண்டு மொத்தங்கள் சரியாகும்.

பெருமழையின்போது மழைமானி மழையளவைக் குறைத்துக் காட்டுவது வேறு வகைப் பிழை. வாளி சாயும் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேர்வதில்லை. அதற்காகப் பழைய எண்களை ஊகித்து மாற்றுவது முறையன்று என்பதே என் கருத்து. கருவியைச் சோதிப்பதே நல்லது: 20 செ.மீ. விட்டமுள்ள புனலில் 314 மி.லி. நீரை மெதுவாகச் சொட்டவிட்டால் 10 மி.மீ., அதாவது ஏறத்தாழ 50 சாய்வுகள் பதிவாக வேண்டும்.

உங்கள் பதிவைச் சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தோடு ஒப்பிடுவதானால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் காலை 8.30 மணிக்கு முடிவதால், நள்ளிரவில் முடியும் உங்கள் கணக்கு அதனோடு பொருந்தாதிருப்பதைப் பிழையெனக் கருதித் திருத்திவிடாதீர்கள்.