ரோபோ வகுப்புக்கு முன்னால் பத்துத் தீப்பெட்டி

இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணினி இல்லாமல் செயற்கை நுண்ணறிவைச் சொல்லித் தர முடியுமா, இல்லை மதுரையில் ஏதாவது ரோபோ வகுப்பில் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டண நோட்டீஸ் கையில் இருக்கும் என்று நினைக்கிறேன். பணம் கட்டுமுன் இதைச் செய்து பாருங்கள்.

சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டி 10 வாங்கி, குச்சிகளை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, 1 முதல் 10 வரை எண் ஒட்டுங்கள். பாசிமணியில் மஞ்சள் 30, சிவப்பு 27. பெட்டிக்கு மஞ்சள் 3, சிவப்பு 3; 1ஆம் பெட்டியில் மஞ்சள் 3 மட்டும். இரண்டு நிறமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சிவப்பு பெரிதாக இருந்தால் விரல் அதையே தேடிப் பிடிக்கும், கற்றல் கோணலாகிவிடும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைப் போட்டுவிடாதீர்கள், அதன் பருப்பு கொடிய நஞ்சு. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பாசிமணியையும் எட்டாமல் வையுங்கள்.

இனி ஆட்டம். 10 புளியங்கொட்டையைக் குவித்து, மாறி மாறி 1 அல்லது 2 எடுக்க வேண்டும். கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கே வெற்றி. முதலில் ஆடுவது எப்போதும் தீப்பெட்டிதான். பிள்ளை அதற்குக் கை, நீங்கள் எதிராளி. குவியலில் எத்தனை கொட்டையோ அந்த எண் பெட்டியைக் குலுக்கி, கண்ணை மூடி ஒரு மணி எடுக்கச் சொல்லுங்கள். மஞ்சள் வந்தால் 1, சிவப்பு வந்தால் 2. எடுத்த மணி அந்தந்தப் பெட்டி முன்னாலேயே இருக்கட்டும், இல்லையென்றால் எது எந்தப் பெட்டியுடையது என்று குழம்பிப்போகும்.

பெட்டி வென்றால் எல்லா மணியும் திரும்ப உள்ளே போகும். தோற்றால் கடைசியாக எடுத்த மணி மட்டும் ஆட்டத்தை விட்டுச் சிரட்டைக்கு, மற்றவை பெட்டிக்கே. ஆட வேண்டிய பெட்டி காலியாக இருந்தால் அதுவும் தோல்விதான். அதற்கு முந்தைய மணியை எடுத்துவிடுங்கள். 3ஆம் பெட்டியும் 6ஆம் பெட்டியும் இப்படிக் காலியாகலாம். பழுது என்று மறுபடி நிரப்பாதீர்கள். அங்கே எதை எடுத்தாலும், நன்றாக ஆடுபவரிடம் தோல்விதான். 9ஆம் பெட்டி ஏன் திறக்கவே இல்லை என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

பிள்ளைதானே என்று விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தப் பெட்டி தோற்றால்தான் கற்கும். உங்கள் முறை முடியும்போது குவியலில் 3, 6 என்று மிஞ்சும்படி எடுங்கள். எவ்வளவு கெட்டிக்காரர் ஆடினாலும் அதிகபட்சம் 30 தோல்வி, அதற்குமேல் பெட்டியை வெல்ல முடியாது.

'இது வெறும் விளையாட்டுதானே' என்று கீழே யாராவது எழுதுவார்கள். 1960களின் தொடக்கத்தில் டொனால்ட் மிக்கி என்ற ஆய்வாளர் 304 தீப்பெட்டிகளை வைத்து, கட்டத்தில் X, O போட்டு ஆடும் ஆட்டத்தைத் தானே கற்கும் இயந்திரம் செய்தார். அதில் வென்றால் மணி கூட்டவும் செய்வார். ChatGPT போன்ற இன்றைய அரட்டைச் செயலிகளின் அமைப்பு வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளைவைப் பார்த்து வாய்ப்பைத் திருத்துவது அங்கேயும் உண்டு. ரோபோ வகுப்பில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு தருகிறார்களே, கறுப்புக் கோட்டைத் தொடரும் வண்டி, அது பெரும்பாலும் நூறாவது ஓட்டத்திலும் முதல் ஓட்டம் போலவேதான் ஓடும். அதில் கற்றல் எங்கே இருக்கிறது? அதைச் செயற்கை நுண்ணறிவு என்று பெற்றோரிடம் விற்பது அநியாயம்.

பெட்டி தோற்காத நிலைக்கு வந்தபின் மணிகளைத் தொடாமல் விதியை மட்டும் மாற்றுங்கள்: கடைசிக் கொட்டையை எடுப்பவர் தோற்றார். நீங்கள் ஒவ்வொரு முறையும் 2 எடுத்தால் போதும். பெட்டி பழைய பழக்கத்தில் 1, 1 என்றே எடுத்துக்கொண்டு போய், கடைசிக் கொட்டையையும் தானே எடுக்கும்.