சர்க்கரையோடு சைக்கிள்: வாசகர் கேள்விகள்

உலக நீரிழிவு தினமான நவம்பர் 14-ஐ ஒட்டி, இன்சுலின் வாங்க வசதியில்லாதவர்களுக்காக நிதி திரட்டும் சைக்கிள் பயணத்தில் சேரலாமா என்று கேட்டு இம்முறை நிறையக் கடிதங்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் டைப் 2 சர்க்கரை உள்ளவர்கள். படித்ததும் மனசு நிறைந்தது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் சராசரியோ 11.4 தான். நாலு பேரில் ஒருவருக்கு இருக்கும் ஊரில், சர்க்கரை உள்ளவரே பெடல் மிதித்து இன்னொருவருக்கு மருந்து வாங்கித் தருவது சின்ன காரியம் இல்லை.

வயது 57. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை போடுகிறேன். தேவனாம்பட்டினத்திலிருந்து புதுச்சேரிக்கு ஒத்திகை போனோம். விடியற்காலை மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பினேன். தவளக்குப்பம் வந்தபோது கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டியது. நண்பர் கடலை மிட்டாய் கொடுத்தார். சைக்கிளை விட்டுவிட வேண்டியதுதானா? – கடலூர் வாசகர்

விட வேண்டாம். உங்களுக்கு வந்தது லோ சுகர், அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. மிதிக்கும் கால் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். கிளிமிபிரைடு இன்னொரு பக்கம் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். போதாததற்கு வெறும் வயிறு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இப்படி ஆவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று எடுப்பவர்தான் உஷாராக இருக்க வேண்டும்.

கிளம்பும்முன் விரலில் குத்தி மீட்டரில் சர்க்கரை அளவைப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்ட பிறகுதான் சைக்கிளில் ஏற வேண்டும். (பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் பொய்யாக ஏற்றிக் காட்டும்.) நீண்ட பயணத்தன்று மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வழியில் நடுக்கம் வந்தால் ஓரம் கட்டி உட்காருங்கள். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். மீட்டர் கையில் இல்லையா, யோசிக்காமல் குளுக்கோஸைக் கரைத்துக் குடியுங்கள். கடலை மிட்டாய் இதற்கு ஆகாது: கடலையில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். இளநீரில் இருக்கும் சர்க்கரையும் அந்த நேரத்துக்குப் போதாது. வீட்டுச் சர்க்கரை மூன்று டீஸ்பூன் பலருக்கு உதவும். ஆனால் வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது சீக்கிரம் செரிக்காது. குளுக்கோஸ் பொடியேதான் வேண்டும். ஆள் நினைவில்லாமல் விழுந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

எங்கள் சைக்கிள் குழுவில் யாருக்கும் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரியாது. வயது 38 தான். சொன்னால் பரிதாபப்படுவார்கள், வீட்டுப் பேச்சாகிவிடும் என்று தயக்கம். – முருங்கப்பாக்கம்

உங்கள் தயக்கம் புரிகிறது. இந்த வயதில் சர்க்கரை என்றதும் "ஸ்வீட் நிறையச் சாப்பிட்டாயா" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி எவ்வளவு சுடும் என்று என்னிடம் வருகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் சொல்லுங்கள். எல்லோரிடமும் வேண்டாம், பக்கத்தில் ஓட்டும் ஒருவரிடமாவது. லோ சுகரில் முதலில் தடுமாறுவது உங்கள் புத்திதான். சம்பந்தமில்லாமல் பேசுவீர்கள், கோபப்படுவீர்கள், "எனக்கு ஒன்றுமில்லை" என்று அடம்பிடிப்பீர்கள். விஷயம் தெரியாதவருக்கு அது குடித்தவர் போலத் தெரியும். தெரிந்தவர் உங்கள் பையின் எந்த அறையில் குளுக்கோஸ் இருக்கிறது என்று நேராகக் கையை விடுவார். நிதி கேட்கப் போகும்போதும் "எனக்கும் இருக்கிறது" என்று நீங்கள் சொல்வது, எந்தத் துண்டுப் பிரசுரமும் செய்யாத வேலையைச் செய்யும்.

கணவர் இன்சுலின் போடுகிறார். 40 கி.மீ. ஓட்டிவிட்டு வந்த அன்று பகலெல்லாம் நன்றாக இருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு பனியன் நனைய வியர்த்து எழுந்தார். – நெல்லிக்குப்பம்

மிதிக்கும்போது காலி செய்த சர்க்கரை இருப்பைத் தசை இரவு முழுக்க நிரப்பிக்கொண்டிருக்கும், அதனால் 24 மணி நேரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், சர்க்கரை இறங்கலாம். நீண்ட பயணம் போன அன்று படுக்கும்முன் அவசியம் பாருங்கள். இரவு டோஸ் பற்றி டாக்டரிடம் பேசுங்கள், அம்மா. ஓட்டும் நாளில் ஊசியைத் தொடையில் போட வேண்டாம், வயிற்றில் போடட்டும். உழைக்கும் தொடையிலிருந்து இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும்.

ஓட்டி முடித்துப் பார்த்தால் 140 இருந்தது 190 ஆகியிருக்கிறது. அப்புறம் எதற்கு ஓட்டுவது?

முழு மூச்சில் விரட்டி ஓட்டினால் கல்லீரல் அவசரத்துக்குக் குளுக்கோஸை வெளியே விடும். கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி.யைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கிளம்பும்போதே 250-க்கு மேல் இருந்து, உடம்பும் சரியில்லை என்றால் அன்று ஓட்ட வேண்டாம்.

பள்ளியில் ஓட்டியதோடு சரி. இப்போது வயது 49, எட்டு வருடமாகச் சர்க்கரை. பாதம் லேசாக மரத்திருக்கிறது. நானும் போகலாமா? – பாகூர்

போகலாம், பரிசோதனைகளை முடித்துவிட்டு. ரத்த அழுத்தம், இ.சி.ஜி., சிறுநீரகம், கண் விழித்திரை எல்லாம் பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும். மிதிக்கும்போது மூச்சு வாங்கி, மேல்வயிறு எரிந்தால் கேஸ் என்று சோடா குடித்துச் சமாளிக்காதீர்கள்.

ரப்பர் செருப்போடு மிதிக்க வேண்டாம். விரல் நெரியாத மூடிய ஷூ, பருத்திச் சாக்ஸ். போடும்முன் ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவுங்கள், ஒரு சிறு கல் கிடந்தாலும் மரத்த பாதம் சொல்லாது. வந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளம் தெரிந்தால் அது ஆறும்வரை சைக்கிள் கிடையாது. முதலில் ஊர்ச் சாலையில் 15 நிமிடம் ஓட்டினால் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் வரை மெல்ல ஏற்றுங்கள். சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

நிதியை என் போன் நம்பருக்கே அனுப்பச் சொல்லலாமா?

வேண்டாம். அறக்கட்டளையின் கணக்குக்கே நேராகப் போகட்டும், ரசீதும் அங்கிருந்தே வரட்டும். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை எதிர்பார்ப்பவர்களிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது என்று முன்பே சொல்லிவிடுங்கள். நம் கரையில் நவம்பர் மழைக்காலம். பயணம் தள்ளிப்போனால் நன்கொடை என்னவாகும் என்பதையும் கேட்கும்போதே எழுதிக் கொடுங்கள்.